முறை ரொட்டி

நவம்பர் ஒன்று, சகல புனிதர் திருநாளன்று காலை பத்து மணிக்கு, சமையலறை ஜன்னலின் வெளித்திட்டில், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு துண்டு ரொட்டி இருந்தது. ஒதில் அதைக் கையில் எடுத்தாள். சூடாக இருந்தது.

அந்தச் சூடுதான் உறுத்தியது. வெர்னுசெலில் ரொட்டிக்கடை மூடிப் பதினோரு வருடமாகிறது; பக்கத்து டவுனிலிருந்து வாரம் மூன்று நாள் வரும் வேன் திருநாளில் எட்டிப் பார்க்காது. துணியைப் பிரித்ததும் ஓக் விறகின் புகைவாசனையும், புளித்த மாவின் காட்டமும், அதற்கடியில் வெகுநாள் பூட்டிக்கிடந்த நிலவறையைத் திறந்ததுபோல ஓர் ஈர மண்வாடையும் வந்தன. அடிப்பக்கத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. வீட்டு அடுப்பில் வெந்த ரொட்டியில் சாம்பல் ஒட்டாது.

சாம்பல் ஒட்டுகிற அடுப்பு ஊரில் ஒன்றே ஒன்றுதான். தேவாலயத்துக்குப் பின்னால், கல்லால் கட்டிய ஊர் அடுப்பு. அது 1959-ல் அணைந்துவிட்டது. ஒதிலுக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அப்படி எழுதியவளே அவள்தான். ஊராட்சி அலுவலகத்தில் வாரம் இரண்டு காலை எழுத்தர் வேலை, மற்ற நேரமெல்லாம் பாரம்பரியச் சங்கம். சங்கத்தின் பேரில் நாற்பது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டிருந்தாள். அதில் ஊர் அடுப்புக்கு மூன்று பக்கம். திருநாள் விடியலில் ஊரே சேர்ந்து ஒரு பெரிய ரொட்டி சுடும், அதன் கடைசித் துண்டை ஒரு வீட்டு ஜன்னலில் வைக்கும், அந்த வருடம் அந்த வீட்டின் முறை, மறுவருடம் அடுத்த வீடு. முறை வந்த வீடு அன்று அந்தியில் மேசை போட்டு விருந்து வைக்கவேண்டும். யாருக்கு விருந்து என்று பழைய தாள்களில் இல்லை. ஏழைகளுக்காக இருக்கும் என்று ஒதில் தானாகவே எழுதிக்கொண்டாள். ஊரில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார்கள். அது ஏழைகளுக்கு இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதனால் ரொட்டியைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் பிறந்த ஊர் மொந்தினி, ஒன்பது கிலோமீட்டர் தூரம். வெர்னுசெல்காரர்களின் கணக்கில் ஒன்பது கிலோமீட்டர் என்பது கடல் தாண்டிய தேசம். முப்பத்தொரு வருடம் ரெஜிஸோடு குடித்தனம் செய்தும் அவள் இன்னும் 'மொந்தினிக்காரி'தான். இன்று, அவளுக்காக, அந்தப் பழைய வழக்கத்தை எழுப்பி, அந்தத் துண்டை அவள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இருக்கிறதிலேயே நல்ல தட்டில் அதை வைத்தாள். போட்டோ எடுத்தாள். ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். உப்பே இல்லை.

ரெஜிஸிடம் சொல்லலாமென்றால் அவன் விடியற்காலையிலேயே நாயைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு வருடமும் இந்தத் திருநாளுக்கு அவளை மொந்தினியில் அவள் தங்கை வீட்டில் கொண்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கூட்டிவருவது அவன் பழக்கம். இந்த வருடம் கார் ரிப்பேர், டவுனில் நிற்கிறது என்றான். ஆகவே கல்யாணமாகி முதல் தடவையாக அவள் இந்த நாளில் வெர்னுசெலில் இருந்தாள்.

மேசையைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள். ரெஜிஸின் நாற்காலியைக் காணோம். வீடெல்லாம் தேடினாள். மாடியில் கட்டிலில் ஒரு தலையணையும் குறைந்தது. வேட்டைக்குப் போகிறவன் தலையணை எதற்கு எடுத்துப்போகிறான்?

நடுப்பகல் மணி அடித்தது. கடைசி அடியின் ரீங்காரம் அடங்குவதற்குள் வாசலில் ஜினெத் நின்றாள். பக்கத்து வீடு. புருஷன் போய், தனிக்கட்டை. முப்பது வருட சிநேகிதி. ஒதிலுக்குப் பாலாடைக்கட்டி போடக் கற்றுக்கொடுத்தவள், குழந்தை தங்காமல்போன இரண்டு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள். எப்போதும் உள்ளே வந்ததும் பொத்தென்று உட்காருகிறவள் இன்று நிலைப்படியைத் தாண்டவே இல்லை. அவள் பார்வை நேராகத் தட்டுக்குப் போனது.

"எடுத்து உள்ள வச்சிட்டியா?"

"பின்ன? தெருவுலயா வைப்பாங்க?"

"சாப்பிட்டியா?"

"ஒரு ஓரம். ஏன்டி, விஷமா கலந்திருக்கீங்க?" ஒதில் சிரித்தாள்.

ஜினெத் சிரிக்கவில்லை. ஒதிலின் முகத்தை இழுத்து, இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று நாலு முத்தம் கொடுத்தாள். ஜினெத்தின் கன்னம் ஈரமாக இருந்தது.

"சாயங்காலம் வா, பூசணி சூப் வைக்கிறேன்," என்றாள் ஒதில்.

"இன்னிக்கு வேணாம்." பதில் ரொம்ப சீக்கிரம் வந்தது. "நீ வெளக்கு வைக்கிற நேரத்துக்கு மேசையப் போட்டுடு. பெரிய மேசை. பெஞ்சையும் இழுத்துப் போடு."

"யாருக்குடி?"

"நீதானே புஸ்தகம் போட்டே? உனக்குத் தெரியாததா?"

சொல்லிவிட்டுத் திரும்பி, கிட்டத்தட்ட ஓடினாள். தோட்டத்துக் கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஒதில் தெருவுக்கு வந்தாள். மூடுபனி கூரைகள் வரைக்கும் இறங்கியிருந்தது. நடுப்பகலில் பதினைந்து வீடுகளின் மரச் சன்னல்களும் இழுத்துச் சாத்திக் கிடந்தன. புகைபோக்கிகளில் புகை இருந்தது. ஒரு வீட்டைக் கடக்கையில் உள்ளே கரண்டியும் தட்டும் சத்தம் கேட்டது. அவள் காலடி நெருங்கியதும் நின்றது. தாண்டியதும் மறுபடி தொடங்கியது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

ஊர் அடுப்பின் கல் இன்னும் சுட்டது. சாம்பலை ஒழுங்காக வாரி ஓரத்தில் குவித்திருந்தார்கள். குனிந்து உள்ளே பார்த்தாள். அறுபது வருடம் அணைந்துகிடந்த அடுப்பில் தூசும் ஒட்டடையும் இருக்கவேண்டும். கூரைக் கல்லில் கரி விரல் தடிமனுக்கு, எண்ணெய்ப் பளபளப்போடு, ஈரமாகப் படிந்திருந்தது. சாம்பல் வாரும் கம்பின் பிடி பல கைகள் பட்டு வழவழத்துக் கிடந்தது. 'இந்த அடுப்பு 1959-ல் அணைந்தது' என்று அவள் போன வருடம் திருகாணி போட்டு மாட்டிய பித்தளைத் தகடு இருக்கிறதே, அதன் திருகாணியில்தான் அந்தக் கம்பை மாட்டி வைத்திருந்தார்கள்.

வழக்கம் மறுபடி எழுப்பப்படவில்லை. அது நிற்கவே இல்லை. அவளைத் தவிர ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஒவ்வொரு வருடமும் அவளை மொந்தினியில் விட்டுவிட்டு வந்து, அவள் புருஷன் இங்கே நின்று சாம்பல் வாரியிருக்கிறான். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நல்லா வந்திருக்கு ஒதில் என்றும் சொன்னான். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

அலுவலகச் சாவி எப்போதும் அவள் பையில்தான் இருக்கும். போய் இறப்புப் பதிவேட்டை எடுத்தாள். வெர்னுசெல் நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் உள்ள ஊர், ஆயுள் கெட்டி என்று புத்தகத்தில் பெருமையாக எழுதியிருந்தாள். வருடத்துக்கு ஒரு சாவு. மிஞ்சினால் ஆஸ்பத்திரியில் இன்னொன்று. சாவுகளை மேயரே பதிந்ததால், அந்த ஒன்று என்றைக்கு என்று மட்டும் அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். நவம்பர் ஒன்று. நவம்பர் ஒன்று. பக்கத்தைத் திருப்பினால் அதுவும் நவம்பர் ஒன்று. கையெழுத்து மாறியது, மசி மாறியது, தேதி மாறவில்லை. வீடுகள் தெருவில் நிற்கிற வரிசையிலேயே பெயர்கள் வந்தன. போன வருடம் வளைவு வீட்டுக் கிழவர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அவளுடைய மாமியார் லியோந்தின், ஒதிலின் வீட்டில், ஒதில் மொந்தினியில் இருந்தபோது. மாரடைப்பு என்றுதான் ரெஜிஸ் சொன்னான்.

மணி நாலு தாண்டியிருந்தது. இந்த வருடம் யார் என்று விரல் வைத்து எண்ணினாள். வளைவு வீட்டுக்கு அடுத்தது ஜினெத் வீடு. ஜினெத் வீட்டில் ஜினெத் மட்டும்தான்.

ஒதில் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. வீட்டுக்கு ஓடி ரொட்டியைத் துணியோடு அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜினெத்தின் களஞ்சியக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே, வைக்கோல் போருக்குப் பின்னால், டவுனில் ரிப்பேருக்கு நிற்கவேண்டிய கார் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து அவள் வாசனை தெரிந்த நாய் சந்தோஷமாகக் குரைத்துக் கதவைப் பிறாண்டியது. அவளுடைய நாய்.

ரொட்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள். மூடிய பலகையைக் கையால் அடித்தாள்.

"ஜினெத்! இது உன்னோடது. இந்தா, எடுத்துக்க!"

பிறகு பலகைக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஒரு மூச்சு.

"மணி அடிச்சாச்சுடி. பன்னெண்டுக்கு முன்னால வச்சிருந்தா என்னோடது. இந்த ஊர்ப் பொம்பள எவளா இருந்தாலும் பார்த்ததும் மம்பட்டியால தள்ளி அடுத்த வீட்டுல போட்டிருப்பா. நீ என்னடான்னா உள்ள கொண்டுபோய்த் தட்டுல வச்சு..."

"அவன் உள்ள இருக்கானா?"

உள்ளே நாய் மறுபடி குரைத்தது.

"அவனுக்கு என்னடி குடுத்தே?"

"ஆத்தோரத்துப் புல்வெளி." ஜினெத் அழத் தொடங்கினாள். "அவங்கப்பா காலத்துலேர்ந்து கேட்டுட்டிருந்தது. நான் கேக்கல. அவன்தான் வந்து கேட்டான். மாதா சத்தியமா, அவனாத்தான் வந்தான்."

ஒதிலுக்கு அந்தப் புல்வெளி தெரியும். மூன்று ஏக்கர்கூட இருக்காது. வெள்ளம் வந்தால் பாதி முழுகிவிடும். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்கள். முப்பத்தொரு வருடம் கூடவே இருந்திருக்கிறான். அவள் பேசுவதற்குள் ரெஜிஸின் குரல் வந்தது. தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரல்.

"வீட்டுக்குப் போ ஒதில். குளிருது. கோட்டுகூடப் போடாம வந்திருக்கே."

அவன் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல, மொந்தினி ரோட்டில். ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் ஏழு மணிக்குத் தங்கை வீடு. ஊர் எல்லைப் பலகையைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம், அப்புறம் திறந்த வயல்கள். பனிக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம், அவள் காலடிச் சத்தம், தொலைவில் ஒரு மாட்டின் கழுத்து மணி. பிறகு அந்த மணி நின்றது. கால்வாய்ச் சத்தமும் நின்றது. அவள் காலடி மட்டும் கேட்டது. எதிரே, பனிக்குள்ளிருந்து, இன்னொரு சத்தம்.

டக். டக். டக்.

மரக்கட்டைச் செருப்பு. இந்த ஊரில் அதை யாரும் போட்டு எவ்வளவோ காலமாயிற்று; ஒரு ஜோடி மட்டும் அவள் அலுவலகக் கண்ணாடிப் பெட்டியில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஒரு ஜோடி இல்லை. நிறைய. அவசரமில்லாமல். வயல்வேலை முடிந்து வீடு திரும்புகிற நடை. கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவு கிறீச்சிட்டது. வெகுநேரம் கிறீச்சிட்டது. நிறைய பேர் வெளியே வருகிறவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

அவள் ஓடினாள். ஊருக்குள். முதல் கதவைத் தட்டினாள். இரண்டாவது கதவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், இவர்கள் வீட்டுப் பிறப்பையும் கல்யாணத்தையும் அவள்தானே தன் கையால் எழுதினாள், கெஞ்சினாள். உள்ளே ஒரு பெண் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அவ்வளவுதான். திறந்திருந்த ஒரே வீடு ஒதிலின் வீடு.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

தாழ்ப்பாள் இல்லை. நாலு ஓட்டைகள். ஓரத்தில் புது மரத்தூள்.

கீல்களை நன்றாகத் துடைத்து, நன்றாக எண்ணெய் போட்டு, கதவு சத்தமில்லாமல் திறக்கும்படி செய்திருந்தான்.

விளக்கைப் போடவில்லை. மேசையில் தட்டு பரப்பவில்லை. மேசைத் தலைமாட்டில், தன் நாற்காலியில், முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தாள். தட்டு பரப்பாவிட்டால் விருந்து இல்லை. விருந்து இல்லாவிட்டால் போய்விடுவார்கள். வாயில் உப்பில்லாத ரொட்டியின் ருசி இன்னும் இருந்தது.

டக். டக். தோட்டத்தில்.

நிலைப்படியில்.

கதவு திறந்தது. மண்வாடை முதலில் வந்தது. பிறகு அவர்கள். குனிந்து, ஒருவர் பின் ஒருவராக, தொப்பியைக் கழற்றிக்கொண்டு. முகம் தெரியவில்லை. ஈரத் துணி உரசும் சத்தம். பெஞ்சு கனத்தில் முனகியது. ஒருவர். இன்னொருவர். இன்னும். வெறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காத்திருந்தார்கள்.

இடம் நிறைந்துவிட்டது. ஒருத்தி மட்டும் நின்றாள். உயரமான, கூன் விழுந்த உருவம். ரெஜிஸின் நாற்காலி இருக்கவேண்டிய வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு ஒதிலைப் பார்த்தாள்.

மாமியார்.

பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். லியோந்தின் நிற்கும்போது மருமகள் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒதிலின் முழங்கால்களுக்குத் தெரியும். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள்.

"உக்காருங்க அத்தை," என்று எழுந்தாள்.

நாற்காலி காலியாகவில்லை.

அதில் ஒதில் உட்கார்ந்திருந்தாள். தலை மேசைமேல் சாய்ந்து. வாய் கொஞ்சம் திறந்து. கண்ணும்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்தார்கள். விருந்து முடிந்தது என்று தெரிந்தது. குளிர்ந்த ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் தள்ளியது. எல்லோருக்கும் முன்னால். புதிதாக வந்தவள் முன்னே போகவேண்டும் போலிருக்கிறது.

தெருவில் இப்போது வெளிச்சம். பதினைந்து வீடுகளின் சன்னல்களும் திறந்திருந்தன. எல்லாச் சன்னலிலும் விளக்கு, எல்லா விளக்குக்கும் பின்னால் முகங்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அழுதார்கள், சிரித்தார்கள், கையை ஆட்டினார்கள். "அப்பா! இங்க பாருங்கப்பா!" "மாமா, உங்க பேத்தி, பாத்தீங்களா?" "என் ராசாத்தி, என் கண்ணு..." வருடத்தில் ஒரு அந்தி. போனவர்களை ஒரு தெரு நீளத்துக்குப் பார்ப்பதற்காக, வருடம் ஒருவர். இதற்குத்தானா என்று ஒதில் நினைத்தாள். இவ்வளவு பேரையும் கூப்பிடுகிறார்களே என்று காத்திருந்தாள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அவள்மேல் பட்ட கண்கள் சட்டென்று நகர்ந்தன.

கடைசிச் சன்னல் ஜினெத்துடையது. ஜினெத் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் ரெஜிஸ். ஐம்பத்தொன்பது வயதுக் குடியானவன் முகத்தில் ஆறு வயதுப் பையனின் அழுகை. "அம்மா!" என்றான். ஒதிலைத் தாண்டிப் பார்த்தான். "அம்மா, நான்தாம்மா!" சன்னல் பலகையை இன்னும் அகலத் திறந்தான். இடுப்புவரை வெளியே சாய்ந்து, கையை நீட்டினான்.

செருப்புச் சத்தம் நின்றது.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான், விளக்கு வெளிச்சத்தில், ஒதில் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். அந்த முகங்களில் பாசம் இல்லை. அடையாளம் தெரிந்துகொண்ட குறிகூட இல்லை. லியோந்தினின் தாடை மெல்ல அசைந்தது, வெறும் வாயை மெல்லுவதுபோல. நீட்டிய மகனின் கையை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, முழங்கையிலிருந்து கழுத்து வரை, அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜிஸ் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான்.

எல்லோருக்கும் முன்னால் நின்றவள் ஒதில். அவளுக்குத்தான் அவன் எட்டும் தூரம். அவனுக்குச் சொல்லவேண்டும், உள்ளே போ, மூடு என்று கத்தவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். வாயைத் திறந்தாள். வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது.

அவளுக்குப் பசித்தது.